பத்துக் கல்லூரிகள், ஒரு கேள்வி: செவிலியர் கல்வியில் பன்மைய ஆய்வுகள்

செவிலியர் கல்லூரி ஒன்றில் புதிய கற்பித்தல் முறையொன்றைக் கொண்டுவருகிறார்கள். மாணவியர் முன்பைவிட நன்றாகத் தேறுகிறார்கள். அதே முறையை வேறோர் ஊரில், வேறு ஆசிரியர்களிடம், வேறொரு மருத்துவமனையோடு இணைந்த கல்லூரியில் புகுத்தினால் அதே பலன் கிடைக்குமா? கேள்வி எளிது. ஏறக்குறைய நூறாண்டுகளாக இதற்கு விடை தேடி வந்தவர்களில் பெரும்பாலோர், ஓரிடத்தில் மட்டும் பார்த்தால் போதாது என்பதில் ஒத்துப்போகிறார்கள். பல இடங்களில் பார்ப்பதென்றால் எத்தனை இடங்கள், எப்படிப் பார்ப்பது, இடத்துக்கு இடம் மாறும் விளைவை என்ன செய்வது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன.

இவ்வகை முயற்சிகளின் நீண்ட வரிசை அமெரிக்காவில் கிடைப்பதால், இக்கட்டுரை பெரும்பாலும் அந்நாட்டு அனுபவத்தைப் பின்தொடர்கிறது. தேவைப்படும் இடங்களில் மட்டும் பிற நாடுகளையும் தொட்டுச் செல்கிறது.

சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கைகள்

முதல் விடை, நேரில் போய்ப் பார்ப்பது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆதரவுடன் அமைந்த குழுவுக்காக ஜோசஃபின் கோல்ட்மார்க் நடத்திய ஆய்வு 1923-இல் வெளியானது. பொதுச் சுகாதார அறிஞர் வின்ஸ்லோ அந்தக் குழுவின் தலைவர். 23 செவிலியர் பள்ளிகளை அது ஆராய்ந்தது. மருத்துவமனையின் வேலைத் தேவைதான் பாடத்திட்டத்தை நடத்துகிறது, கல்வி அதற்குப் பின்னால் ஓடுகிறது என்பது அது கண்ட முக்கியக் குறை. அதன் பிறகு 1948-இல் எஸ்தர் லூசில் பிரவுன் நாடெங்கும் பள்ளிகளைப் பார்வையிட்டு எழுதிய அறிக்கை, செவிலியர் கல்வி உயர்கல்வி நிறுவனங்களுக்குள் வரவேண்டும் என்று வாதிட்டது. 2010-இல் பட்ரீஷியா பென்னரும் அவருடைய சகாக்களும் கார்னகி கல்வி அறக்கட்டளைக்காக எழுதிய நூலும் இந்த மரபில் வருவதே. ஒன்பது பள்ளிகளுக்குச் சென்று பார்த்த அக்குழு, வார்டில் நடக்கும் கற்பித்தல் வலுவாக இருப்பதையும் வகுப்பறைக் கற்பித்தல் அதற்கு ஈடு கொடுக்காமல் இருப்பதையும் பதிவு செய்தது.

ஒரு பள்ளிக்குள்ளேயே இருப்பவருக்கு இயல்பாகத் தோன்றும் ஏற்பாடு, பல பள்ளிகளைப் பார்த்தவருக்குக் கோளாறாகத் தெரியும். இந்த மரபின் பலம் அதுதான். மாணவியரைச் சம்பளமில்லா ஊழியராக நடத்துவது அன்றைய பள்ளிகளில் பலருக்கும் உறுத்தவில்லை. குறையும் வெளிப்படையானது. எந்தப் பள்ளிகளைப் பார்ப்பது என்பதையும், எதை நல்லது என்று மதிப்பிடுவது என்பதையும் பார்ப்பவரே முடிவு செய்கிறார். ஒரு முறை இன்னொரு முறையைவிட மேலானதா என்று கேட்டால், இத்தகைய அறிக்கையால் கருத்துச் சொல்ல முடியும். ஒப்பிட்டுக் காட்டுவது கடினம்.

மோன்டாக்கின் சோதனையும் அதன் பின்விளைவும்

இரண்டாவது விடை, பல இடங்களில் ஒரே நேரத்தில் செய்து பார்ப்பது. கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த மில்ட்ரெட் மோன்டாக் 1952-இல் தொடங்கிய கூட்டாய்வு இதன் முன்னோடி. சமுதாயக் கல்லூரிகளில் இரண்டாண்டுப் படிப்பு மூலம் செவிலியரை உருவாக்க முடியுமா என்பது கேள்வி. ஏழு கல்லூரிகளும் ஒரு மருத்துவமனையும் பங்கேற்க, சோதனை ஐந்தாண்டுகள் நடந்தது. அறிக்கை 1959-இல் நூலாக வந்தது. முடியும் என்பதே அதன் விடை.

குலுக்கல் முறையில் பிரித்த குழுக்கள் அதில் இல்லை. தாமாக முன்வந்த கல்லூரிகளே பங்கேற்றன. ஆர்வமுள்ள கல்லூரியில் எந்தப் புதுமையும் ஓரளவு தேறும் என்ற சந்தேகத்துக்கு அதில் பதில் கிடையாது. ஆனால் வடிவமைப்புக் குறைகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பிற்பாடு நடந்தது. மோன்டாக் மனத்தில் வைத்திருந்தவர், முழுத்தகுதி பெற்ற செவிலியரின் கீழ் வரையறுத்த பணிகளைச் செய்யும் தொழில்நுட்பச் செவிலியர். இரண்டாண்டுப் படிப்பு நாடெங்கும் வேகமாகப் பரவியது. அந்த வேறுபாடு பரவவில்லை. ஈராண்டு படித்தவரும் நான்காண்டு படித்தவரும் ஒரே உரிமத் தேர்வை எழுதி ஒரே உரிமத்தைப் பெறும் நிலை உருவானது. பல மையங்களில் சோதித்த ஒன்றிலிருந்து விளைவை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிடும் வழக்கத்துக்கு இது முதல் பெரிய எடுத்துக்காட்டு. அது கடைசி எடுத்துக்காட்டாக இருக்கவில்லை.

ஒற்றை மையத்தின் வசதியும் நியாயமும்

இத்தகைய முன்னோடிகள் இருந்தும், செவிலியர் கல்வி ஆய்வுகளில் பெரும்பகுதி இன்றுவரை ஒரே கல்லூரியில், ஒரே பருவத்தில், ஒரே ஆசிரியரின் மாணவரைக் கொண்டு நடப்பவை. காரணம் தேட வெகுதூரம் போகவேண்டாம். ஆராய்பவரே ஆசிரியர், மாணவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள், நிதி இல்லை, பட்டத்துக்கோ பதவி உயர்வுக்கோ ஒரு கட்டுரை வேண்டும். தமிழ்நாட்டில் எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடு எழுதியவர்களுக்கு இது பழகிய நிலவரம். ஒரு குழு, பயிற்சிக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு, நடுவில் கற்பித்தல் தொகுப்பு. மதிப்பெண் ஏறும். ஏறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனாலும் ஒற்றை மைய ஆய்வை வெறும் சோம்பல் என்று ஒதுக்குவது சரியல்ல. ஒரு முறையை முதன்முதலாக உருவாக்கும்போது அதன் உள்ளியக்கத்தை நுணுகிப் பார்க்க ஓரிடமே ஏற்றது. மருத்துவக் கல்வி ஆய்வாளர் ஜெஃப் நார்மன் 2003-இல் எழுதிய கூர்மையான கட்டுரை பெரிய சோதனைகளையே சாடியது. பாடத்திட்டம் போன்ற பல கூறுகள் கலந்த ஒன்றை மொத்தமாகக் குலுக்கல் சோதனைக்கு உட்படுத்தினால், விளைவு குழம்பியதாகவும் அற்பமானதாகவும்தான் வரும். எந்தக் கூறு வேலை செய்தது என்றே தெரியாது என்பது அவர் வாதம். சிறிய, கட்டுப்பாடான சோதனைகளை அடுக்கடுக்காக நடத்துவதே மேல் என்ற முகாம் இன்றும் இருக்கிறது.

அவ்வாதம் ஓரளவுக்கே செல்லும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால், எல்லாச் சோறும் ஒரே பானையில் ஒரே தீயில் வெந்திருக்க வேண்டும். செவிலியர் கல்லூரிகள் அப்படியில்லை. ஒரு வார்டில் ஓர் ஆசிரியரின் கீழ் எத்தனை மாணவியர், இணைந்த மருத்துவமனையில் எத்தகைய நோயாளிகள், மாணவியரைக் கையைக் கட்டி நிற்கச் சொல்லும் பொறுப்புச் செவிலியரா, செய்யவிட்டுப் பார்ப்பவரா என்பதெல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி வேறு. கற்பித்தல் முறையின் பலன் இவற்றோடு பின்னிக் கிடக்கிறது.

சிமுலேஷன் ஆய்வுகள்: பெரிய சோதனையின் காலம்

பன்மைய முறை உச்சம் தொட்டது சிமுலேஷன் விஷயத்தில்தான். மனித உருவப் பொம்மைகளையோ நோயாளியாக நடிப்பவரையோ வைத்து, வார்டில் நடப்பது போன்ற சூழலில் பயிற்றுவிப்பதே சிமுலேஷன். அமெரிக்காவின் செவிலியத்துக்கான தேசிய லீக், பொம்மைகள் தயாரிக்கும் லேர்டல் நிறுவனத்தின் ஆதரவுடன் 2003-இல் தொடங்கி 2006 வரை எட்டுப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடத்தியது. பமீலா ஜெஃப்ரிஸ் அதை வழிநடத்தினார். அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய பராமரிப்பைக் கற்பதில் காகிதத்தில் எழுதிய நோயாளி வரலாறு, அசையாப் பொம்மை, நாடித்துடிப்பும் மூச்சும் உள்ள உயர்தரப் பொம்மை ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டன. மாணவர் 403 பேர். உயர்தரப் பொம்மையோடு பயின்றவர்களுக்கு மனநிறைவும் தன்னம்பிக்கையும் கூடுதலாக இருந்தன. அறிவுத் தேர்வில் மூன்று குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. நிதி தந்தது பொம்மை விற்பவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தாலும், அறிவுத் தேர்வு முடிவை மறைக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது.

அடுத்த கேள்வி ஒழுங்குமுறை அமைப்புகளிடமிருந்து வந்தது. வார்டு பயிற்சிக்கு இடம் கிடைப்பது கடினமாகிக்கொண்டே போன காலம் அது. வார்டு நேரத்தில் எவ்வளவை சிமுலேஷனால் ஈடுசெய்யலாம்? மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசியக் கவுன்சில் பத்துக் கல்வி நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தது. ஐந்து இரண்டாண்டுப் படிப்பு நடத்துபவை, ஐந்து இளநிலைப் பட்டம் தருபவை. 2011 இலையுதிர்ப் பருவத்தில் சேர்ந்த மாணவரை ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு வார்டு நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேற்படாத சிமுலேஷன், இரண்டாம் குழுவுக்கு 25 சதவீதம், மூன்றாம் குழுவுக்கு 50 சதவீதம். ஒரு மணி நேர சிமுலேஷன் ஒரு மணி நேர வார்டு பயிற்சிக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். 2013-இல் படிப்பு முடியும்வரை தொடர்ந்து, வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதமும் பின்தொடர்ந்தார்கள். முடிவுகள் 2014-இல் வந்தன. சேர்ந்தவர் 847 பேர், முடித்தவர் 666 பேர். உரிமத் தேர்வில் முதன்முறை தேறியவர் முறையே 88.4, 85.5, 87.1 சதவீதம். மருத்துவத் திறன் மதிப்பீடுகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

செவிலியர் கல்வி வரலாற்றில் இவ்வளவு கவனமாக நடந்த பன்மையச் சோதனைகள் மிகச் சில. ஆசிரியர் குழுக்களுக்குத் தனியே பயிற்சி தந்தார்கள். சிமுலேஷன் முடிந்ததும் நடக்கும் அலசலுக்கு எல்லா மையங்களிலும் ஒரே முறையைக் கையாண்டார்கள். மதிப்பிடுபவர்களுக்குப் பொதுவான கருவி இருந்தது.

இனி அதன் வரம்புகள். வேறுபாடு தென்படவில்லை என்பது ஒன்று. இரண்டும் சமம் என்று நிறுவுவது வேறொன்று. பின்னதற்கு எவ்வளவு வித்தியாசத்தைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்று முன்கூட்டியே வரம்பு வகுத்துச் சோதிக்க வேண்டும். ஐந்தில் ஒருவர் ஆய்வை முடிக்கவில்லை என்பதும் சிறிய செய்தியல்ல. எல்லாவற்றையும்விட, பங்கேற்ற நிறுவனங்கள் சிமுலேஷனை நல்ல முறையில் நடத்த வசதியும் விருப்பமும் கொண்டவை. முடிவுக்கு அடிப்படையான அந்தச் சூழல் இல்லாத கல்லூரிக்கு 50 சதவீதம் என்ற எண் என்ன சொல்கிறது? கவுன்சில் இதை உணர்ந்தே 2015-இல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பயிற்சி பெற்ற ஆசிரியர், போதிய கருவிகள், கோட்பாட்டு அடிப்படையிலான அலசல் ஆகியவை இருந்தால்தான் என்ற நிபந்தனை அவற்றில் தெளிவாக இருந்தது. ஆனால் பேச்சிலும் மேற்கோள்களிலும் பரவியது பாதி என்ற எண்தான்.

தொலைவிலிருந்து எண்ணுதல்

இதற்கு முற்றிலும் வேறான வழியும் உண்டு. எதையும் மாற்றாமல், இருப்பதை ஏராளமான இடங்களில் அளப்பது. லிண்டா ஐக்கன் குழு 2003-இல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளின் தரவைக் கொண்டு, பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 சதவீதம் கூடினால் அறுவைச் சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவதோடு அது தொடர்புபட்டிருப்பதைக் காட்டியது. 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளை வைத்து வந்த ஆய்வில் அந்தக் குறைவு 7 சதவீதம். கொள்கை வகுப்போரை இவை அசைத்த அளவுக்கு எந்தக் கற்பித்தல் சோதனையும் அசைத்ததில்லை எனலாம். ஆனால் பட்டப்படிப்புக்குள் எது இந்த வேலையைச் செய்கிறது என்பதை அவற்றால் சொல்ல இயலாது. பட்டதாரிகளை அதிகம் எடுக்கும் மருத்துவமனை வேறு வகைகளிலும் மேலானதாக இருக்கலாம் என்ற ஐயமும், எவ்வளவு புள்ளியியல் திருத்தம் செய்தாலும், முழுதாக அகல்வதில்லை.

அறுநூறு பேர் எத்தனை பேர்?

பல மையங்களை நாடுவோர் பெரும்பாலும் சொல்லும் காரணம், மாணவர் எண்ணிக்கை கூடும் என்பது. இங்கே ஒரு கணக்கைப் பார்ப்பது நல்லது. ஒரே கல்லூரி மாணவர் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். ஆசிரியர், பாடநூல், மருத்துவமனை எல்லாம் பொது. இந்த ஒப்புமையின் அளவு 0.05 என்று வைத்துக்கொள்வோம். முழுக் கல்லூரியையும் ஒரு முறைக்கு ஒதுக்கும் ஆய்வில் பத்துக் கல்லூரிகள், கல்லூரிக்கு 60 பேர் என 600 பேரைச் சேர்த்தால், புள்ளியியல் கணக்கில் அவர்கள் சுமார் 152 தனித்தனி ஆட்களுக்கே சமம். அதே 600 பேரை 30 கல்லூரிகளிலிருந்து இருபது இருபதாகச் சேர்த்தால் சுமார் 308. மையங்களைக் கூட்டுவதற்கும் மாணவரைக் கூட்டுவதற்கும் இவ்வளவு வித்தியாசம். பல ஆய்வேடுகள் இந்தத் திருத்தத்தையே செய்யாமல் 600 பேர் என்று எழுதிவிடுகின்றன.

கல்லூரிக்குள்ளேயே மாணவரைக் குலுக்கிப் பிரித்தால் இந்தச் சிக்கல் பெரிதும் தீரும். பதிலுக்கு இன்னொன்று முளைக்கும். ஒரே விடுதியில் தங்குபவர்கள் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்வார்கள். ஒரே ஆசிரியர் இரு குழுவுக்கும் பாடம் எடுப்பார். சிமுலேஷன் ஆய்வில் மாணவர்வழிக் கசிவு அவ்வளவு பெரிய கவலையல்ல. பொம்மையோடு கழித்த மணி நேரத்தைத் தோழியிடம் இரவல் வாங்க முடியாது. ஆசிரியர் புதிதாகக் கற்ற அலசல் முறையோ வார்டுக்கும் அவரோடு கூடவே போகும். அப்படிப் போயிருந்தால், மூன்று குழுக்களும் நெருங்கி வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

எது மாறலாம், எது மாறக்கூடாது

இந்தத் துறையின் ஆழமான பிளவு இதுதான். மரபான பார்வையில் எல்லா மையங்களும் ஒரே நெறிமுறையை எழுத்துக்கு எழுத்து பின்பற்ற வேண்டும். விலகல் என்றால் பிழை. கல்வி உளவியலாளர் லீ கிரோன்பாக் 1975-இலேயே இதில் விரிசலைக் காட்டினார். விளைவு சூழலோடும் ஆளோடும் ஊடாடுகிறது, அந்த ஊடாட்டமும் வேறொன்றோடு ஊடாடுகிறது, எனவே எங்கும் செல்லும் பொதுவிதி கிட்டுவது அரிது என்றார். பாசனும் டில்லியும் 1997-இல் முன்வைத்த எதார்த்த மதிப்பீட்டு அணுகுமுறை, எது பலன் தருகிறது என்ற கேள்வியையே திருத்தி, யாருக்கு, எந்தச் சூழலில், எதனால் பலன் தருகிறது என்று கேட்கச் சொன்னது. 2004-இல் பெனலோப் ஹாவும் சகாக்களும் நடுவழியொன்றைச் சொன்னார்கள். வடிவத்தை ஒரேமாதிரி வைக்க வேண்டாம், செயற்பாட்டை வைத்தால் போதும் என்பது அது. செவிலியர் கல்விக்கு இதைப் பொருத்தினால், அலசல் 40 நிமிடம் நடக்க வேண்டும் என்பது வடிவம். மாணவி தன் முடிவுக்கான காரணத்தைத் தானே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது செயற்பாடு. ஒரு கல்லூரி தனித்தனியாகவும் இன்னொன்று குழுவாகவும் அதைச் செய்யலாம்.

இந்த நடுவழி எனக்கு உவப்பானது. அதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். எது செயற்பாடு, எது வெறும் வடிவம் என்பது ஆய்வுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் தெரிவதில்லை. தோற்ற மையத்தைப் பார்த்து, அங்கே செயற்பாடு நடக்கவில்லை என்று பின்னால் சமாதானம் சொல்வது மிக எளிது.

மையத்துக்கு மையம் விளைவு உண்மையிலேயே எவ்வளவு மாறுகிறது? அமெரிக்கக் கல்வி, பயிற்சித் திட்டங்களின் 16 பெரிய பன்மையச் சோதனைகளை 2017-இல் மறுஆய்வு செய்த வைஸ் குழு, சில திட்டங்களில் மாறுபாடு பெரிது, சிலவற்றில் அறவே இல்லை என்று கண்டது. எனவே சூழல்தான் எல்லாம் என்பவர்களும் சூழல் வெறும் இரைச்சல் என்பவர்களும் சான்று காட்டும் கடமையிலிருந்து தப்ப முடியாது. செவிலியர் கல்விக்கென்று அப்படியொரு தொகுப்பைச் செய்யவேண்டுமானால் பெரும்பாலான ஆய்வுகள் மையவாரியான விளைவை வெளியிட வேண்டும். சராசரியை மட்டும் வெளியிடுவதே பொது வழக்கமாக இருக்கிறது.

அளவுகோலும் அனுமதியும்

மொழி மாறும்போது அளவுகோலும் மாறும். ஃபின்லாந்தின் சாரிகோஸ்கியும் லெய்னோ-கில்பியும் 2002-இல் வார்டு கற்றல் சூழலை அளக்க வடிவமைத்த வினாப்பட்டியல் பல மொழிகளுக்குப் பெயர்ந்தது. அதன் வழிவந்த கருவியைக் கொண்டு ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 1,903 மாணவரிடம் நடத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ஒரு நாட்டில் மாணவரோடு தனி ஆளாக ஒரு செவிலியர் இருப்பார், இன்னொன்றில் வார்டுத் தலைவரே எல்லோருக்கும் பொறுப்பு. இரண்டையும் மேற்பார்வை என்ற ஒரே தலைப்பில் மதிப்பெண்ணாக்கினால், வேறுபாடு சூழலிலிருந்து வந்ததா, கேள்வியைப் புரிந்துகொண்ட விதத்திலிருந்து வந்ததா என்று பிரிப்பது சிரமம்.

அனுமதி விஷயத்தில் ஓரளவு முன்னேற்றம் உண்டு. ஒவ்வொரு கல்லூரியின் நெறிமுறைக் குழுவும் அதே படிவத்தில் வெவ்வேறு திருத்தம் கேட்டு மாதங்களை விழுங்கிய நிலையில், அமெரிக்கக் கூட்டரசு ஆதரவு பெறும் பன்மைய ஆய்வுகளுக்கு 2020 ஜனவரி முதல் ஒரே குழுவின் பரிசீலனை விதியானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்களும் பொதுப் பரிசீலனைக்கு இடம் தருகின்றன. தீராத சிக்கல் வேறு. மதிப்பெண் போடும் ஆசிரியரே ஒப்புதல் கேட்கும்போது மாணவி மறுக்க எவ்வளவு சுதந்திரம் உண்டு என்பது மையத்துக்கு மையம் மாறும். எந்த மையக் குழுவாலும் தொலைவிலிருந்து அதைப் பார்க்க முடியாது.

முடியாத கணக்குகள்

இப்போதைய சான்றுகளை வைத்துப் பார்த்தால், பன்மைய ஆய்வு ஒற்றை மைய ஆய்வைவிட நம்பகமான சராசரியைத் தருகிறது என்பதை ஏற்கலாம். அந்தச் சராசரி குறிப்பிட்ட ஒரு கல்லூரிக்கு எவ்வளவு பொருந்தும் என்பதற்கு இந்த ஆய்வுகள் பெரும்பாலும் விடை தரவில்லை. பத்து மையங்களைக் கொண்டு மாறுபாட்டின் அளவைத் துல்லியமாகச் சொல்வதும் கடினம். பாதியில் விலகிய மையங்கள் ஏன் விலகின என்பது அரிதாகவே எழுதப்படுகிறது. நிறைய சொல்லக்கூடியவை அவைதாம் என்று நினைக்க இடமிருக்கிறது. ஐக்கன் குழு எண்ணிய நோயாளிகளுக்கும், கற்பித்தல் சோதனைகள் எண்ணும் மதிப்பெண்களுக்கும் இடையே பாலம் இன்னும் கட்டப்படவில்லை.

ஒழுங்குமுறை அமைப்புகள் அதற்காகக் காத்திருப்பதில்லை. பிரிட்டனின் செவிலியர், மருத்துவச்சிக் கவுன்சில் 2023-இல் 2,300 மணி நேரச் செயல்முறைப் பயிற்சியில் 600 மணி வரை சிமுலேஷனுக்கு இடமளித்தது. அது நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். அமெரிக்க ஆய்வு பாதி வரை சோதித்தது. பாதிக்கு மேல் சோதிக்கவே இல்லை என்பதால் அந்தப் பாதி சோதனையின் எல்லை மட்டுமா, முறையின் எல்லையும் அதுவா என்பது தெரியாது. பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத, பொம்மை பழுதாகிக் கிடக்கும் மையங்களையும் சேர்த்து, மையவாரியான விளைவுகளை வெளியிடும் ஆய்வு வரும்வரை, இந்த இரு எண்களையும் அவ்வக் கவுன்சில்கள் எடுத்த நிர்வாக முடிவுகளாகக் கொள்வதே பாதுகாப்பானது.